ஊசிக்கு முதல் சிப்: பூனைகளோடு வெளிநாடு புறப்படுகிறவர்கள் சார்பில் ஒரு திறந்த மடல்

வடக்கு மாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், யாழ்ப்பாண மாவட்டத்தின் கால்நடை வைத்தியர்களுக்கும்,

வணக்கம்.

கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். கணவர் ஜேர்மனியில் இருக்கிறார். எனக்கு விசா கிடைத்துவிட்டது. வீட்டில் ஆறு பூனைகள் இருக்கின்றன. ஆறும் என்னோடு வருகின்றன. இதைச் சொன்னால் முதலில் எல்லாரும் சிரிப்பார்கள். "ஏன் பிள்ளை, அங்க பூனை இல்லையோ?" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டது ஒழுங்கை முழுக்கப் பகிடியாகிவிட்டது. சிரித்து முடிந்த பிறகு அதே ஒழுங்கையில் இருந்தே போன் வரத் தொடங்கியது. மகளுக்கு லண்டன் ஸ்பொன்சர் சரிவந்துவிட்டது, அவள் வளர்த்த பூனையை என்ன செய்யலாம்? கனடாவுக்கு என்றால் ஊசி மட்டும் போதுமாமே, உண்மையா? தூக்க மருந்து கொடுத்துப் பையில் வைத்துக் கொண்டுபோகலாமா? பிறகு கொக்குவில், சுன்னாகம், பருத்தித்துறை என்று முகம் தெரியாதவர்களும் கேட்கிறார்கள். நான் வைத்தியரும் இல்லை, ஏஜென்சியும் இல்லை. என்னிடம் கேட்கிறார்கள் என்றால், கேட்பதற்கு வேறு ஆள் இல்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள். அந்த வேறு ஆள் நீங்கள்தான் என்று சொல்வதற்காகவே இந்த மடல்.

பூனையை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோவதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. முதலில் பூனையின் பிடரித் தோலுக்குக் கீழே, அதன் அடையாள இலக்கம் உள்ள மைக்ரோசிப் வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் விசர்நாய் நோய்க்கான (ரேபிஸ்) தடுப்பூசி. ஊசி போடும்போது பூனைக்குப் பன்னிரண்டு கிழமை நிறைந்திருக்க வேண்டும். ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்ட ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்பு சக்தி ஒரு மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையாமல் இருப்பதாக அந்த ஆய்வுகூடம் எழுதித் தர வேண்டும். அந்த முடிவு வந்தவுடனே பறக்கவும் முடியாது. விசர்நாய் நோயைப் பொறுத்தவரை ஐரோப்பா நம்பும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லாதபடியால், இரத்தம் எடுத்த நாளில் இருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கடைசியாக அரச வைத்தியரின் சுகாதாரச் சான்றிதழ். அது எழுதிய நாளில் இருந்து பத்து நாளுக்குள் பூனை அங்கே போய் இறங்கிவிட வேண்டும்.

நான்கு மாதம். ஐந்து என்று வைத்துக்கொண்டால் நெஞ்சிடி இல்லை. வீட்டில் குட்டி இருந்தால், அது ஏழு மாதத்துக்குக் கிட்ட வளர்ந்த பிறகுதான் ஐரோப்பிய மண்ணை மிதிக்கலாம்.

சட்டம் கடுமையானது என்று நான் சொல்ல வரவில்லை. இந்த நோய் ஒரு முறை தலைகாட்டினால் பிறகு மருந்து இல்லை என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அதை விரட்டிவிட்ட நாடுகள் கவனமாகத்தான் இருக்கும். என் முறைப்பாடு வரிசையைப் பற்றியது. சிப் வைக்க முதல் போட்ட ஊசி, ஐரோப்பாவின் கணக்கில் போடாத ஊசி. அந்த ஊசி இந்தப் பூனைக்குத்தான் போடப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி இல்லை என்பதுதான் அவர்களின் நியாயம்.

இப்போது எங்கள் ஊர் நடைமுறையைப் பாருங்கள். ஊசி போடுவது சுகாதாரப் பகுதியின் வேலை. சந்தியிலோ சனசமூக நிலையத்திலோ மேசை போட்டு நாய்க்கும் பூனைக்கும் இலவசமாகப் போடுகிறார்கள். நல்ல வேலை, அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சனமும் உரப்பையிலும் கடகத்திலும் பூனையைக் கட்டிக் கொண்டுவந்து, கை முழுக்கக் கீறல் வாங்கிக்கொண்டு ஊசி போடுவித்து, அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறது. நான்கு ஐந்து வருட அட்டைகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். விசா வந்ததும் அந்த அட்டைகளை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுகிறார்கள். அப்போதுதான் சிப் இலக்கம் இல்லாத அட்டை செல்லாது, எல்லாம் முதலில் இருந்து என்று தெரியவருகிறது. கையில் இருப்பது ஒரு மாதம், தேவை நான்கு மாதம். பூனை நின்றுவிடுகிறது.

காசு இல்லாமல் நின்ற பூனைகளும் உண்டுதான். ஆனால் எனக்குப் போன் எடுத்தவர்களில் பலருக்குக் காசு பிரச்சினையாக இருக்கவில்லை. காலம்தான் போதவில்லை. அந்தக் காலமும் அவர்களிடம் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். ஸ்பொன்சர் விசாவுக்குப் பத்திரங்கள் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் இருந்தார்களே, அந்த மாதங்களில் சிப், ஊசி, இரத்தம் எல்லாம் ஆறுதலாக முடித்திருக்கலாம். விசா பிந்தினாலும் நட்டமில்லை. அடுத்தடுத்த ஊசிகளைத் தவணை தப்பாமல் போட்டு வந்தால், ஒரு முறை எடுத்த அந்த இரத்தப் பரிசோதனை பூனையின் ஆயுளுக்கும் செல்லும். விசாவுக்குப் போடும் நாளே பூனைக்குச் சிப் வைக்கும் நாள் என்று ஒரு வசனம். அதை யாராவது அவர்களிடம் நேரத்தோடு சொல்லியிருந்தால் போதும்.

ஆகவே முதல் வேண்டுகோள், ஒரு தாள். தமிழில், ஒரே பக்கத்தில், இந்த வரிசை. கால்நடை வைத்தியர் அலுவலகங்களின் சுவரில் ஒன்று, ஊசி போடும் மேசையில் ஒரு கட்டு. ஊசி போடுவது ஒரு திணைக்களம், சான்றிதழ் தருவது இன்னொன்று என்பது உங்களுக்குத் தெரிந்த சங்கதி. பூனையைக் கடகத்தில் கொண்டுவரும் அம்மாவுக்கு இரண்டும் கவுண்மேந்துதான். வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்பது 1988 இன் 16 ஆவது திருத்தத்தோடு அரசியலமைப்பில் ஏறிய விஷயம், அதனால் தமிழில் கேட்பதற்கு நான் காரணம் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, அட்டை. சிப் இலக்கம், சிப் வைத்த திகதி, ஊசியின் பெயர், தயாரித்த நிறுவனம், தொகுதி இலக்கம், போட்ட திகதி, காலாவதித் திகதி, வைத்தியரின் கையொப்பமும் முத்திரையும். இவ்வளவுக்கும் இடம் விட்டு அட்டையை அச்சடித்தால், நிரப்புவதற்கு இரண்டு நிமிடம் கூடச் செல்லாது. எனக்கு ஒரு இடத்தில் ஊசிக் குப்பியில் இருந்த ஸ்டிக்கரை உரித்து ஒட்டித் தரச் சொல்லிக் கேட்டபோது, "இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டுவிட்டுக் குப்பியை வாளிக்குள் போட்டார்கள். வாளிக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுத்தேன்.

சிப் வைப்பதை ஒரு முறை பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு சின்ன வேலை என்று தெரியும். ஊசி சற்றுத் தடிப்பு. உள்ளே இருப்பது அரிசி அளவான ஒரு கண்ணாடிக் குழல். தோள்பட்டை இரண்டுக்கும் நடுவே தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்து உள்ளே தள்ளுகிறார் வைத்தியர். மயக்க மருந்து தேவையில்லை. எங்கள் கறுப்பி ஒரு முறை திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். பிறகு வாசிக்கும் கருவியை முதுகில் பிடித்தால் ஒரு சத்தம், திரையில் பதினைந்து இலக்கங்கள். அந்தப் பதினைந்தையும் கடதாசியில் உள்ளதோடு ஒவ்வொன்றாக விரல் வைத்து ஒத்துப் பார்க்க வேண்டும். ஒரு இலக்கம் பிழைத்தாலும் அங்கே இறங்கும்போது அது வேறு பூனை. ஐ.எஸ்.ஓ. 11784, 11785 தரத்தில் உள்ள சிப் என்றால் அங்கே எந்தக் கருவியும் வாசிக்கும். வேறு வகையை வைத்துவிட்டு, வாசிக்கும் கருவியையும் நாங்களே காவிக்கொண்டு போக முடியாது. எந்த அலுவலகத்தில் சிப்பும் கருவியும் இருக்கின்றன, எந்த நாளில் வரலாம், என்ன விலை என்பதையும் அந்தத் தாளில் போடுங்கள். காசு தரமாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை.

சிப்பை விடக் கரைச்சல் இரத்தம்தான். பூனையைத் துவாயில் சுற்றி, முன்காலை மட்டும் வெளியே எடுத்து, மயிரை வழித்து, நரம்பைத் தேடி எடுப்பதற்குப் பழகிய கை வேண்டும். எடுத்த இரத்தத்தைக் கருவியில் சுழற்றிப் பிரித்து, குளிர் குறையாமல், உரிய கடிதங்களோடு வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். இதை ஒவ்வொரு பூனைக்காரரும் தனித்தனியாக ஐஸ் பெட்டியோடு ஓடித் திரிவதை விட, மாதத்தில் ஒரு நாள் குறித்து, அன்று வருகிறவர்களின் மாதிரிகளைச் சேர்த்து அனுப்பினால் செலவும் பங்காகும், வைத்தியருக்கும் ஒரே நாளில் வேலை முடியும். இது எனக்குத் தோன்றிய யோசனை, உங்களுக்கு இதைவிட நல்லது தோன்றலாம்.

அப்புறம் அந்தப் பத்து நாள். சான்றிதழ் மத்திய அரசின் அலுவல் என்று எனக்கும் தெரியும். மத்திய திணைக்களத்தின் தலைமையகம் பேராதனை கெட்டம்பேயில் இருக்கிறது. விமானம் ஏறுவது கட்டுநாயக்கவில். பலாலியில் இருந்து சென்னைக்குப் போகும் சின்ன விமானங்கள் ஆறு பூனைகளோடு ஐரோப்பாவுக்குப் போகிறவளுக்கு உதவாது. யாழ்ப்பாணத்தில் இருந்து பேராதனைக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், கொழும்புக்கு ஏறக்குறைய நானூறு. பூனைக் கூடுகளோடு இரவு பஸ்ஸில் ஏற முடியாது, வான் பிடிக்க வேண்டும். அங்கே போன பிறகு ஒரு பத்திரத்தில் திகதி பிழை என்று திருப்பி அனுப்பினால் பத்து நாளில் இரண்டு மூன்று நாள் வீதியிலேயே போய்விடும். நான் கேட்பது அதிகாரத்தைப் பறித்துக் கொண்டுவந்து யாழ்ப்பாணத்தில் வையுங்கள் என்றல்ல. பத்திரங்களை முன்கூட்டியே இங்கே உள்ள அரச வைத்தியர் ஒருவர் சரிபார்த்து, மின்னஞ்சலில் அங்கே அனுப்பி, பிழை இருந்தால் பூனை வீட்டில் இருக்கும்போதே திருத்திக்கொள்ள வழி செய்யுங்கள். கையொப்பத்துக்கு மட்டும் நாங்கள் போகிறோம்.

ஒன்றுக்கு மேல் பூனை உள்ளவர்களுக்கு இன்னொரு முடிச்சு. வியாபாரம் இல்லாத பயணத்தில் ஒரு ஆளுக்கு ஐந்து பிராணிக்கு மேல் ஐரோப்பா அனுமதிக்காது. ஆறாவதுக்கு இன்னொரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் கணவர் கூட்டிப்போக வருவதால் மூன்று அவர் பெயரில், மூன்று என் பெயரில். விமானத்துக்குள் மடியருகே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் விமான நிறுவனத்திடம் முதலில் கேட்க வேண்டும். அனுமதிப்பவர்களும் பொதுவாக ஒரு பயணிக்கு ஒரு சிறு பையைத்தான் விடுவார்கள். வளைகுடா விமானங்கள் சிலவற்றில் வல்லூறுக்குக் கபினில் இடம் உண்டு, பூனைக்குக் கிடையாது. ஷேக்மார் பூனை வளர்த்திருந்தால் என் அலுவல் லேசாகியிருக்கும். லண்டனுக்கு என்றால் பூனை சரக்குப் பகுதியில்தான் போகும், அதற்கு அங்கீகரித்த வழிகளும் உண்டு. பையை வாங்கி வைத்துவிட்டுக் கேட்டுப் பிரயோசனமில்லை. சரக்குப் பகுதி என்றதும் பயப்படவும் தேவையில்லை. உயிருள்ள பிராணிகளை ஏற்றும் பகுதியில் காற்றழுத்தமும் வெப்பமும் மேலே பயணிகள் இருக்கும் இடத்தைப் போலவே பேணப்படும். ஆனால் ஒரு விமானத்தில் இத்தனை பிராணிதான் என்று கட்டுப்பாடு இருக்கும், அதனால் எங்கள் ரிக்கெட்டோடு பூனைக்கும் சேர்த்துப் பதிய வேண்டும்.

தூக்க மருந்து விஷயத்தில் நீங்கள் வாய் திறந்தே ஆக வேண்டும். நான் கேள்விப்பட்ட தவறான புத்திமதிகளில் இதுதான் ஆபத்தானது. மயக்கத்தில் உள்ள பூனைக்கு உடல் சூட்டையும் மூச்சையும் சரியாக வைத்திருக்க முடியாது; மயக்கிய பிராணியை விமான நிறுவனங்கள் ஏற்க மறுக்கும். நான் சொன்னால் "இவளுக்கு என்ன தெரியும்" என்பார்கள். வைத்தியர் சொன்னால் கேட்பார்கள்.

கூட்டின் கணக்கையும் தமிழில் போடுங்கள். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதி இப்படித்தான்: பூனையின் மூக்கில் இருந்து வாலடி வரை அளந்து, தரையில் இருந்து முன்கால் முழங்கை வரையான உயரத்தில் பாதியை அதோடு கூட்டினால் கூட்டின் நீளம். தோள் அகலத்தின் இரண்டு மடங்கு கூட்டின் அகலம். நின்றால் தலையோ காதோ எது உயரமோ அது முட்டாத உயரம். காற்றோட்டம் வேண்டும், கதவைத் திறக்காமலே வெளியில் இருந்து தண்ணீர் ஊற்ற வழி வேண்டும். இதைக் கையில் கொடுத்தால் திருநெல்வேலியில் எந்தத் தச்சரும் பலகையில் அடித்துத் தருவார், கொழும்பில் பிளாஸ்டிக் கூடு தேடி அலையத் தேவையில்லை. கூடு வந்ததும் விறாந்தையில் திறந்து வைத்து, உள்ளே பழைய சாரத்தைப் போட்டு, சாப்பாட்டை அங்கேயே வைக்கச் சொல்லுங்கள். எங்கள் செம்பன் இப்போது கூட்டை விட்டு வெளியே வர மாட்டேன் என்கிறான். மத்தியான நித்திரையும் அதற்குள்தான்.

எல்லா நாட்டுக்கும் இந்த நான்கு மாதம் இல்லை என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். கனடாவுக்கு மூன்று மாதத்துக்கு மேற்பட்ட வளர்ப்புப் பூனை என்றால் முறையாக எழுதிய விசர்நாய் ஊசிச் சான்றிதழ் போதும். இரத்தப் பரிசோதனையும் இல்லை, தனிமைப்படுத்தலும் இல்லை. இது தெரியாமல் ஸ்காபரோவுக்குப் போன ஒரு குடும்பம் பூனையை அயலில் கொடுத்துவிட்டுப் போனது. அவுஸ்திரேலியா நேர் எதிர். அவர்கள் ஏற்றுக்கொண்ட நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. பட்டியலில் உள்ள இன்னொரு நாட்டுக்குப் பூனையைக் கொண்டுபோய், அங்கே மாதக்கணக்கில் வைத்து, பிறகு மெல்பேர்ன் பக்கத்தில் மிக்கில்ஹாமில் தனிமைப்படுத்தல். அவ்வளவு தூரம் முடியாதவர்கள் முதலே அறிந்திருந்தால் நல்ல வீடு ஒன்றாவது தேடுவார்கள்.

"சனம் அரிசி விலையோடு மல்லுக்கட்டுது, உனக்குப் பூனைக்கு விமானமோ?" என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். நியாயமான கேள்வி. பூனையைக் கொண்டுபோவது என் காசு, என் பைத்தியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கொண்டுபோகாவிட்டால் என்ன நடக்கிறது என்பது ஊர்ப் பிரச்சினை. எங்கள் ஒழுங்கைகளில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனை? ஒவ்வொரு வீட்டு மதிலிலும் இரண்டு மூன்று பூனை. போனவர்கள் முதலில் அயலுக்குக் காசு அனுப்பி மீன் போடச் சொல்வார்கள். சில மாதத்தில் அது நின்றுவிடும். கருத்தடை செய்யாத பூனை வெறும் வளவுக்குள் வருடத்துக்கு இரண்டு தரம் குட்டி போடும். அவற்றுக்கு ஊசி போட யாரும் கடகத்தில் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள். பிறகு ஒரு பிள்ளையைக் கடித்தால் ஆஸ்பத்திரியில் தடுப்பூசிச் செலவு அரசாங்கத்துக்கு. சிப் வைத்த, ஊசி போட்ட, கணக்கில் உள்ள பூனை உங்களுக்கும் இலாபம்தான், அது வெளிநாடு போனாலும் போகாவிட்டாலும்.

1995 இல் ஒக்ரோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தை மழைக்குள் கடந்தவர்கள் பூனையை விட்டுவிட்டு வந்தார்கள். மனிதருக்கே வழி இல்லாத இரவு அது. அவர்களைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்ல முடியாது. இப்போது போகிறவர்கள் திகதி தெரிந்து, சூட்கேஸ் நிறுத்து, அப்பளமும் மிளகாய்த்தூளும் கட்டிக்கொண்டு போகிறோம். இந்தப் புறப்பாட்டில் பூனையை விடுவதற்குக் காரணம் ஒரு தாள் இல்லாமை என்றால் அது ஏற்கக்கூடியதாக இல்லை.

நான் எனக்காக எழுதி வைத்த குறிப்புகளைத் தமிழில் தட்டச்சு செய்து, இந்த மடலோடு உங்கள் அலுவலகத்துக்கும் எங்கள் பிரதேச கால்நடை வைத்தியருக்கும் தருகிறேன். வைத்தியர்கள் பார்த்துத் திருத்துங்கள். நாடுகள் விதியை மாற்றுவதுண்டு, ஆகவே அடியில் திகதியைப் போட்டு, வருடத்துக்கு ஒரு முறை யார் அதைப் புதுப்பிப்பது என்று ஒருவரைப் பொறுப்பாக விடுங்கள். அச்சடிக்கக் காசு இல்லை என்றால் முதல் ஆயிரம் பிரதியை நான் அடித்துத் தருகிறேன். எங்கள் பூனைகளின் இரத்த மாதிரிகள் ஆய்வுகூடத்துக்குப் போய்விட்டன. மூன்று மாதம் முடியும்வரை நான் ஊரில்தான் இருப்பேன், கூப்பிட்டால் வருவேன்.

இங்ஙனம்,
கோண்டாவில் வாசி ஒருத்தி